கடலுக்குள் ஹாம் ரேடியோ: எவ்வளவு தூரம் கேட்கும், யாருக்குக் கேட்கும்?

‘ஹாம் ரேடியோ ஒன்று வாங்கிப் போட்டில் வைத்துவிட்டால் போதும், எங்கே போனாலும் பேசலாம்.’ இலங்கையின் கிழக்கில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிக் கடலுக்குப் போனால் ஆபத்து. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள இலத்திரனியல் படித்திருக்கத் தேவையில்லை. ரேடியோ அலை எப்படிப் பயணிக்கிறது, மறுமுனையில் யார் காது கொடுக்கிறார்கள் என்ற இரண்டு விஷயங்கள் விளங்கினால் போதும்.

ஒரே பெயரில் மூன்று சாமான்கள்

முதலில் குழப்பத்தை அவிழ்ப்போம். கையில் பிடித்து, பொத்தானை அழுத்திப் பேசும் எந்தக் கருவியையும் நம் ஊரில் ‘வோக்கி டோக்கி’ என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘ஹாம் செட்’ என்பார்கள். வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே வேறுபடுவது மீடிறன். ஒரு செக்கனில் அலை எத்தனை தடவை அதிர்கிறது என்பதே மீடிறன். பத்து இலட்சம் தடவை அதிர்ந்தால் அது ஒரு மெகாஹேர்ட்ஸ்.

கப்பல்களும் போட்டுகளும் தங்களுக்குள் பேசவும் உதவி கேட்கவும் உலகம் முழுவதும் ஒதுக்கி வைத்திருப்பது 156 மெகாஹேர்ட்ஸிலிருந்து தொடங்கும் பட்டை. இதில் பேசும் கருவிதான் மரைன் வீஎச்எஃப். அதன் 16ஆம் சனல், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கு உரியது.

அமெச்சூர் வானொலி எனப்படும் ஹாம் ரேடியோ வேறு. தேர்வு எழுதி லைசன்ஸ் பெற்றவர்கள், பணலாப நோக்கம் இல்லாமல், பரிசோதனைக்காகவும் பொழுதுபோக்காகவும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு விடப்பட்ட பட்டைகள் அவை. கையடக்க செட்டில் அதிகம் பயன்படுவது 144 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் பட்டை. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீற்றர் என்பதால் அதை 2 மீற்றர் பட்டை என்கிறார்கள். தூர இடங்களுக்கு 3.5, 7, 14 மெகாஹேர்ட்ஸ் போன்ற சிற்றலைப் பட்டைகள் இருக்கின்றன.

மூன்றாவது, பல நாள் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் போட்டுகளில் பொருத்தியிருக்கும் தொழில்முறை சிற்றலை செட். அது மீன்பிடித் தொழிலுக்கென்று அனுமதிக்கப்பட்ட மீடிறன்களில் இயங்குவது. ஹாம் பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற மலிவான செட்டுகள்தான் இந்தக் குழப்பத்தை இன்னும் வளர்த்துவிட்டன. அவை 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கே திருகினாலும் வேலை செய்யும். ஹாம் பட்டையும் மரைன் பட்டையும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கருவியால் முடிகிறது என்பதற்காக அது மரைன் செட் ஆகிவிடாது. அதைத் தண்ணீர் புகாதபடி செய்யவில்லை. தவறி விழுந்தால் மிதக்காது. மரைன் பாவனைக்கு அங்கீகாரமும் இல்லை.

போன் எங்கே கைவிடுகிறது?

கரைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை போன்தான் எல்லாவற்றிலும் வசதி. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் தொலைபேசிக் கோபுரங்கள் ஊர்மனையைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டவை, கடலைப் பார்த்து அல்ல. ஜிஎஸ்எம் எனப்படும் பழைய 2ஜி போன் முறையில், சிக்னல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கோபுரத்திலிருந்து 35 கிலோமீற்றருக்கு அப்பால் வழமையான அமைப்பில் இணைப்புக் கிடைக்காது. அலை போய்வரும் நேரத்தைக் கணக்கிடும் முறையிலேயே இருக்கும் எல்லை அது. நடைமுறையில் அதற்கு வெகு முன்னரே ‘சேவை இல்லை’ என்று வந்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. போனுக்கு நடுவில் கோபுரம், கேபிள், மின்சாரம், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ரேடியோவுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு செட், ஒவ்வொரு பற்றரி, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இலங்கையின் ஹாம் குழு ஒன்று அம்பாந்தோட்டைக்குப் போய்ச் சிற்றலையில் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தியது. அதே நாளில் அந்தமான் தீவுகளில் ஹாம் முகாம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த இந்தியாவின் பாரதி பிரசாத், துண்டிக்கப்பட்ட தீவுகளின் செய்திகளை வெளியே அனுப்பினார். ஹாம் ரேடியோவுக்கு நல்ல பெயர் வந்தது இப்படியான நாட்களால்தான். ஆனால் அந்தச் செய்திகளைப் பெற மறுமுனையில் பயிற்சி பெற்ற ஆட்கள் காத்திருந்தார்கள். கதையைச் சொல்லும்போது அந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது.

வெளிச்சவீட்டுக் கணக்கு

மட்டக்களப்பு முகத்துவாரம் வெளிச்சவீட்டை எல்லோருக்கும் தெரியும். 1913இல் கட்டிய, 28 மீற்றர் உயரமான கோபுரம். இரவில் தோணியில் வெளியே போகப் போக அந்த வெளிச்சம் மெல்லத் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் கடலுக்குள் இறங்கிவிடும். விளக்கு அணையவில்லை, மங்கவுமில்லை. பூமி உருண்டையாக இருப்பதால் நடுவிலுள்ள கடல் அதை மறைத்துவிட்டது. அந்த இடத்தில் நீங்கள் எழுந்து நின்றால் வெளிச்சம் மீண்டும் தெரியும். விளக்கைப் பத்து மடங்கு பிரகாசமாக்கினால்? உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதும் தெரியாது.

2 மீற்றர் பட்டையும் மரைன் வீஎச்எஃபும் இதே மாதிரித்தான் பயணிக்கின்றன. நேர்கோட்டில் போகும், அடிவானத்தோடு ஏறக்குறைய நின்றுவிடும். வளிமண்டலம் ரேடியோ அலையைச் சற்று வளைப்பதால் வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவே. இதற்கு மனக்கணக்காகவே போடக்கூடிய ஒரு வழி உண்டு. அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4 ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீற்றரில் வரும். இரண்டு முனைகளின் அடிவானங்களையும் கூட்டினால், இருவரும் பேசக்கூடிய தூரத்தின் உச்ச எல்லை அது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபைபர் போட்டில் உட்கார்ந்திருப்பவரின் கையிலுள்ள செட் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் என்றால் அடிவானம் 4 கிலோமீற்றர். இதேபோல இரண்டு போட்டுகள் என்றால் 8 கிலோமீற்றர். கல்லடியில் ஒரு வீட்டுக்கூரையில் குழாய் நட்டு 9 மீற்றர் உயரத்தில் அன்டெனா வைத்திருந்தால் அதன் அடிவானம் 12. போட்டின் 4 கிலோமீற்றரையும் சேர்த்தால் 16. இப்போது போட்டில் ஒரு கம்பைக் கட்டி அன்டெனாவை 4 மீற்றருக்கு உயர்த்துங்கள். போட்டின் பங்கு 8 ஆகிறது, மொத்தம் 20 கிலோமீற்றர். இதற்கு ஒரு வாட்கூடக் கூடுதல் வலு செலவழியவில்லை.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீற்றரில் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சுழியோடிகளை ஏற்றிப்போகும் போட் ஒன்றுக்கும், கடற்கரை மணலில் ஹேண்ட்செட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கும் இடையில் தொடர்பு இழுபறியாக இருக்கும். அதே கரை ஆள் கூரை அன்டெனாவோடு இருந்தால் தாராளமாகக் கேட்கும்.

‘அப்படியென்றால் 5 வாட் செட்டுக்குப் பதில் 50 வாட் வாங்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. வலுக்கூடிய செட் அடிவானத்துக்குள் குரலைத் தெளிவாக்கும்; இரைச்சலைக் குறைக்கும். அடிவானத்தைத் தள்ளி வைக்காது. காசு இருந்தால் முதலில் அன்டெனாவுக்கும் கம்பத்துக்கும் செலவழியுங்கள் என்பது என் கருத்து. கடையில் வாட் கணக்கைச் சொல்லி விற்பார்கள். உயரத்தை விற்க முடியாது என்பதால் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்தக் கணக்கு தட்டையான, அமைதியான கடலுக்கானது. வாடைக்காற்றுக் காலத்தில் அலை உங்கள் அன்டெனாவைவிட உயர்ந்தால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பேச்சு அறுந்து அறுந்து வரும். வெக்கையான, காற்றோட்டமில்லாத நாட்களில் கடலுக்கு மேல் சூடான காற்று ஒரு படலமாகப் படிந்து, அலையைக் கீழே வளைத்து வைத்திருக்கும். அந்த நாட்களில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் கேட்பார்கள். கேட்கும்போது சந்தோஷப்படலாம், அதை நம்பிப் பயணம் திட்டமிடக் கூடாது.

தூரத்தைக் கூட்ட ரிப்பீட்டர் என்ற ஒன்றும் உண்டு. உயரமான இடத்தில் நின்று, ஒரு மீடிறனில் கேட்பதை உடனே இன்னொரு மீடிறனில் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. 400 மீற்றர் உயரத்தில் ஒன்று நின்றால் அதன் அடிவானம் மட்டுமே 80 கிலோமீற்றர். ஆனால் நம் கரை தட்டையானது. மலைகள் உள்ளே தள்ளி நிற்கின்றன. உங்கள் கடற்பகுதியை எட்டும் ரிப்பீட்டர் இப்போது இயங்குகிறதா என்று ஹாம் ஆட்களிடம் விசாரித்துவிட்டே அதைக் கணக்கில் எடுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கையடக்க செட், ஹாமோ மரைனோ, அடிவானத்துக்குக் கட்டுப்பட்டது. உயரம் தூரத்தைத் தருகிறது. வலு தெளிவைத் தருகிறது.

வானத்தில் பட்டுத் திரும்பும் அலை

‘ஹாம் ரேடியோவில் உலகம் முழுக்கப் பேசலாம்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? சிற்றலையிலிருந்து.

பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 முதல் 400 கிலோமீற்றர் வரையான உயரத்தில், சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து வைத்திருக்கிறது. இதுதான் அயன மண்டலம். 144 மெகாஹேர்ட்ஸ் அலை இதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். 7 மெகாஹேர்ட்ஸ் போல மெதுவாக அதிரும் அலையோ வளைந்து வளைந்து பூமிக்கே திரும்பிவிடும். அடிவானம் இங்கே தடையில்லை.

கொழும்பு மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் 220 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. பகலில் 7 மெகாஹேர்ட்ஸில், ஏறக்குறைய தலைக்கு மேலே அலையை அனுப்பினால் அது திரும்பி நாடு முழுவதும் இறங்கும். இரவில் இலத்திரன்கள் குறைவதால் அதே வேலைக்கு 3.5 மெகாஹேர்ட்ஸ் பொருத்தம். அந்தப் பட்டையைப் பகலில் அயன மண்டலத்தின் அடியிலுள்ள படை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படை கலைந்துவிடும். ஆக, எந்த நேரத்தில் எந்தப் பட்டை என்று தெரிந்திருப்பது செட்டின் விலையைவிட முக்கியம்.

போட்டுக்காரருக்கு இங்கே ஒரு வேடிக்கையான பிரச்சினை வருகிறது. போட்டில் இடமில்லாததால் அன்டெனாவை நிமிர்த்தித்தான் கட்ட முடியும். நிமிர்ந்த கம்பி அலையைப் பக்கவாட்டில் நன்றாக அனுப்பும். தலைக்கு மேலே அனுப்பாது. உப்புத் தண்ணீர் சாதாரண நிலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், தாழ்வாகப் போகும் அலை வலுவிழக்காமல் வெகுதூரம் போய் அயன மண்டலத்தைத் தொட்டு இறங்கும். 14 மெகாஹேர்ட்ஸில் பேசினால், அறுநூறு கிலோமீற்றர் தள்ளிச் சென்னையில் இருப்பவர் பதில் சொல்லக்கூடும். கொழும்பில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அலை அவர் தலைக்கு மேலால் தாண்டிப் போய்விட்டது. கிட்டத்தில் இருப்பவருக்கே கேட்காத இந்த இடைவெளியைத் தாண்டு வலயம் என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, சிற்றலை செட் மின்சாரம் தின்னும். வழக்கமான 100 வாட் செட் பேசும்போது 12 வோல்ட் பற்றரியிலிருந்து 20 அம்பியர் அளவில் இழுக்கும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சின் உள்ள சின்ன ஃபைபர் போட்டில் பற்றரியே இருக்காது. 5, 10 வாட் செட் ஒன்றைச் சின்னப் பற்றரியோடு கொண்டுபோகலாம். பழக்கப்பட்ட கைக்கு அது போதும். புதிதாகத் தொடங்குபவர் உயிரை அதில் கட்டி வைக்க முடியாது. பாய்மரப் படகில் பல நாள் போகிறவர்களுக்கும் கபின் உள்ள பெரிய போட்டுகளுக்கும்தான் சிற்றலை உண்மையில் பொருந்தும்.

சுருக்கமாக: 2 மீற்றர் பட்டை பக்கத்துக்கு, சிற்றலை தூரத்துக்கு. இரண்டுக்கும் நடுவில், நமக்கு அதிகம் தேவைப்படும் முப்பது முதல் நூறு கிலோமீற்றர் தூரத்தில், சின்னப் போட்டிலிருந்து இரண்டும் தடுமாறக்கூடும்.

அங்கே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

அலை போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, மறுமுனையில் ஒரு காது திறந்திருக்க வேண்டும். மரைன் வீஎச்எஃபுக்கும் ஹாமுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 16ஆம் சனலைப் பெரிய கப்பல்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கரையில் கேட்கவும் அமைப்புகள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் உங்களை எதிர்பாராமலே கேட்பார். ஹாம் பட்டையில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை. திருக்கோவிலுக்கு வெளியே கடலில் நின்று 2 மீற்றரில் கத்தினாலும், அந்த நேரத்தில் அந்த மீடிறனில் யாராவது தற்செயலாகச் செட்டைப் போட்டிருந்தால்தான் உண்டு.

ஆகவே கடலில் ஹாம் என்பது ஏற்கனவே பேசிவைத்த ஆளோடு பேசும் வழி. இத்தனை மணிக்கு, இந்த மீடிறனில், கிடைக்காவிட்டால் இந்த மாற்று மீடிறனில் என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மணித்தியாலத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டால் பற்றரியும் மிஞ்சும், காத்திருப்பவருக்கும் சிரமமில்லை.

ஆபத்து என்றால் ஒழுங்கு வேறு. முதலில் மரைன் செட்டில் 16ஆம் சனல். ‘மேடே’ என்று மூன்று தடவை சொல்லி, போட்டின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இடத்தைச் சொல்ல உங்கள் போனே உதவும்: சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கேட்டுக்கொண்டேயிருக்கும், அகலாங்கு நெட்டாங்கைக் காட்டும். கரையை விட்டு நன்றாக வெளியே போகிறவர்களுக்கு 406 மெகாஹேர்ட்ஸில் செயற்கைக்கோளை எட்டும் அவசர பீக்கன், மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. அந்தப் பீக்கனும் கையில் இல்லை, 16இலும் பதில் இல்லை என்றால், கையில் கிடைக்கும் எந்த ரேடியோவிலும் உதவி கேட்கலாம். ஆபத்தில் இருக்கும் நிலையம் கவனத்தை ஈர்க்க எந்த வழியையும் பயன்படுத்துவதைச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் தடுப்பதில்லை.

லைசன்ஸ் விஷயம்

இந்த விதியைத்தான் பலர் வளைத்துப் பேசுகிறார்கள்: ‘அவசரத்துக்கு யாரும் பாவிக்கலாம் என்றால் லைசன்ஸ் எதற்கு, வாங்கி வைத்துக்கொள்வோமே.’ ஆபத்தில் பேச விதி இடம் கொடுக்கிறது. அதைச் சாக்காக வைத்து அனுமதியில்லாமல் செட் வாங்கி வைத்திருக்க இடம் கொடுக்கவில்லை. இலங்கையில் ரேடியோக் கருவிகளுக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. அனுமதி கொடுப்பது இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. ஹாம் தேர்வு நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று படிகளில் நடக்கிறது. தேறியவருக்கு 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். அது ஆளின் அடையாளம், செட்டின் அடையாளம் அல்ல. மரைன் செட்டுக்கான அனுமதி இன்னொன்று. ஹாம் லைசன்ஸ் அதற்கும் சேர்த்து என்று நினைக்க வேண்டாம்.

யாரும் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று: வீட்டில் இருப்பவருக்கும் லைசன்ஸ் வேண்டும். நீங்கள் தேர்வு எழுதித் தேறியிருக்கலாம். கரையில் மச்சான் செட்டைத் தானாக எடுத்து ‘எங்கே நிக்கிறாய்?’ என்று கேட்க முடியாது. அவரும் படித்துத் தேற வேண்டும், அல்லது தேறிய ஒருவர் கரையில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தனியாள் தேர்வு எழுதுவதைவிட, ஒரே கரையில் நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவதில்தான் பயன். ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா என்ற சங்கத்தின் வழியாகப் பாடங்களும் பழைய ஆட்களின் உதவியும் கிடைக்கும்.

அடுத்தது, தொழில் பேசக் கூடாது. ‘சூரை பட்டிருக்கு, வாழைச்சேனையில் கிலோ என்ன விலை போகுது?’ என்று ஹாம் பட்டையில் கேட்டால் விதி மீறல். பணலாபம் சம்பந்தப்பட்ட பேச்சு அங்கே தடை. அர்த்தத்தை மறைக்கும் சங்கேத மொழியும் தடை. நல்ல மீன் கிடைக்கும் இடத்தை மற்றப் போட்டுக்குத் தெரியாமல் சொல்லவும் வழியில்லை. பேசுவது எல்லோருக்கும் கேட்கும். தமிழிலேயே பேசலாம், அழைப்புக் குறியை மட்டும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து பேசுபவர் தன் குறிக்குப் பின்னால் ‘மரிடைம் மொபைல்’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். போட் இன்னொருவருடையது என்றால் ஓட்டியின் சம்மதமும் வேண்டும்.

போட்டில் ஏற்றும்போது

உப்பு எதையும் விட்டு வைக்காது. அன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் பச்சை பிடித்தால் செட் நன்றாக இருந்தும் சத்தம் வெளியே போகாது. மூட்டுகளைச் சுற்றி ரப்பர் டேப் ஒட்டுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். ஹேண்ட்செட்டைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிற்றால் உயிர்காப்பு அங்கியோடு கட்டி வையுங்கள். உறைக்குள் இருந்தபடியே பேசலாம்.

புறப்படுமுன் கரையிலேயே ஒருமுறை பேசிப் பாருங்கள். களப்பில் கொஞ்சத் தூரம் போய் இன்னொரு முறை. பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் எத்தனை மணிக்குப் பேசுவது, எந்த மீடிறன், போட் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை பேர் என்று எழுதிக் கரையில் இருப்பவரிடம் கொடுங்கள். அதிலேயே இன்னும் ஒரு வரி: அடுத்தடுத்து இரண்டு நேரம் பதில் வராவிட்டால் எந்த இலக்கத்துக்குப் போன் எடுப்பது, யாருடைய போட்டை அனுப்புவது.